ஏரிக்கரை ஏறும்போது டிராக்டரின் முன் சக்கரம் தூக்குவது ஏன்?

நீங்கள் கேட்டவை

கேள்வி: ‘‘என்னிடம் 45 ஹெச்.பி டிராக்டரும், இரண்டு சக்கர டிப்பர் டிரெய்லரும் இருக்கின்றன. ஏரியில் வண்டல் மண் ஏற்றிக்கொண்டு கரை ஏறும்போது, டிராக்டரின் முன் சக்கரம் தரையை விட்டுத் தூக்குகிறது. இரண்டு பேரை பானெட் மேல் உட்கார வைத்துத்தான் ஏறுகிறோம். வெளிநாட்டில் காருக்குப் பின்னால் கேரவன் இழுப்பவர்கள், கொக்கியின் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் கம்பி பூட்டி, பாரத்தை முன் சக்கரத்துக்கு மாற்றுவதை செல்போனில் பார்த்தேன். அதேபோல லேத் பட்டறையில் செய்து பூட்டலாமா? எவ்வளவு கனத்தில் கம்பி வேண்டும்?’’

– ஒரு வாசகர், செய்யாறு.

பதில்: முதலில் பானெட் மேல் ஆள் ஏற்றுவதை இன்றோடு நிறுத்த வேண்டும். முன் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினாலே போதும், முன்னால் இருப்பவர் சக்கரத்துக்கு அடியில் விழுவார். ஓட்டுநர் பிரேக்கை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆள் ஏற்றித்தான் கரை ஏற முடிகிறது என்றால், அந்தப் பாரம் அந்த டிராக்டருக்குப் பொருந்தவில்லை என்பதே பொருள்.

முன்பாரம், பின்பாரம்

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. வண்டியில் முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். இரண்டு சக்கர டிரெய்லரும் அப்படித்தான். அதன் பாரத்தில் ஒரு பங்கு டிராக்டரின் கொக்கி மேல் உட்காருகிறது. கொக்கி, டிராக்டரின் பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால், அங்கே விழும் பாரம் பின் சக்கரத்தை அழுத்தி, முன் சக்கரத்தைத் தூக்குகிறது.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். டிராக்டரின் எடை 2,000 கிலோ. அதில் முன் சக்கரங்கள் தாங்குவது 680 கிலோ. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2 மீட்டர். கொக்கி, பின் அச்சிலிருந்து 70 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. மண் ஏற்றிய டிரெய்லரின் மொத்த எடை 5 டன். அதில் கொக்கி மேல் விழுவது 600 கிலோ. அப்படியானால் முன் சக்கரத்திலிருந்து 210 கிலோ குறைந்து, 470 கிலோதான் மிஞ்சும். இது சமதரையில், வண்டி நிற்கும்போது உள்ள நிலை.

10 அடிக்கு ஓர் அடி உயரும் மேட்டில் ஏறும்போது, டிரெய்லரை இழுக்கவே சுமார் 700 கிலோ இழுவிசை தேவை. கொக்கி அரை மீட்டர் உயரத்தில் இருந்தால், அந்த இழுவிசை முன்புறத்திலிருந்து இன்னும் 175 கிலோவை எடுத்துவிடும். டிராக்டரின் எடையே மேட்டில் பின்னால் சாய்வதால் ஏறக்குறைய 70 கிலோ போகும். கடைசியில் முன் சக்கரத்தில் நிற்பது 225 கிலோ. ஏரிக்கரைச் சரிவுகள் பல இடங்களில் இதைவிடச் செங்குத்தானவை. கிளட்சைச் சட்டென்று விட்டாலோ, ஒரு கல்லில் ஏறினாலோ முன் சக்கரம் எழும்பும். எழும்பிய சக்கரத்தால் வண்டியைத் திருப்ப முடியாது. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் பள்ளம் என்று இருக்கும் கரையில் ஸ்டீயரிங் பிடிக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

டிராக்டரின் எடையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது முன் சக்கரத்தில் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. 2,000 கிலோ டிராக்டருக்கு இது 400 கிலோ.

கேரவன் கம்பி என்ன செய்கிறது?

நம் ஊரில் கேரவன் என்றால் சினிமா நடிகர்களின் வண்டிதான் நினைவுக்கு வரும். அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில், படுக்கையும் அடுப்படியும் உள்ள சிறிய வீட்டை காருக்குப் பின்னால் கட்டி இழுத்துச் செல்வார்கள். அதன் பாரம் கொக்கி மேல் விழுந்து, காரின் பின்புறம் தாழ்ந்து, முன்புறம் எழும்பும். இதைச் சரிசெய்யவே அந்த ஸ்பிரிங் கம்பிகள். கம்பியின் ஒரு முனை காரின் கொக்கியிலும், மறுமுனை சங்கிலி மூலம் கேரவனின் சட்டத்திலும் இருக்கும். சங்கிலியை இறுக்கும்போது கம்பி நெம்புகோலாக வேலை செய்து, பாரத்தில் ஒரு பகுதியை காரின் முன் சக்கரத்துக்கும், ஒரு பகுதியை கேரவனின் சக்கரத்துக்கும் அனுப்பும்.

அந்தக் கம்பியைக்கூட அங்கே கண் மதிப்பில் வாங்குவதில்லை. தண்ணீர், கேஸ், சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு, கொக்கி மேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்று நிறுத்துப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் கேரவன் எடையில் 10 முதல் 15 சதவிகிதம் கொக்கியில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதோடு, காரின் டிக்கியில் உள்ள சாமான் எடையையும் சேர்த்து, அதற்கு ஏற்ற கம்பியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கம்பி மெலிதாக இருந்தால் பாரம் முன்னால் போகாது. தேவைக்கு மேல் முரட்டுக் கம்பியாக இருந்தால், ஒவ்வொரு குலுக்கலும் சட்டத்தில் இறங்கி விரிசல் விடும். எந்தக் கம்பியும் காரின் இழுவைத் திறனைக் கூட்டாது.

டிராக்டருக்கு ஏன் ஆகாது?

அந்தக் கம்பிகள், காரின் சட்டத்தில் ஆடாமல் பொருத்திய கொக்கிக்கும், தார்ச் சாலைக்கும் ஏற்றவை. டிராக்டர் கொக்கியும் பின்னும் மேலும் கீழும் தாராளமாக ஆட வேண்டும். வரப்பிலும் வாய்க்காலிலும் இறங்கும்போது டிராக்டர் ஒரு பக்கமும், டிரெய்லர் ஒரு பக்கமும் சாயும். அந்த அசைவைக் கம்பியால் கட்டினால் கம்பி ஒடியும், அல்லது கொக்கியைப் பெயர்த்துவிடும். இழுத்துக் கட்டிய ஸ்பிரிங் கம்பி அறுந்தால், பக்கத்தில் நிற்பவரின் காலை முறித்துவிடும். மேலும், அங்கே பரவலாக விற்கும் கம்பிகள் 600 முதல் 1,200 பவுண்டு கொக்கிப் பாரத்துக்கானவை. அதாவது, சுமார் 270 முதல் 545 கிலோ. மேலே சொன்ன மண் டிரெய்லரின் கொக்கிப் பாரமே 600 கிலோ. எனவே, லேத் பட்டறைக் கம்பி யோசனையைக் கைவிடுவதே நல்லது. ஆனால், முதலில் நிறுத்துப் பார்க்கும் அவர்களது பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்.

வே பிரிட்ஜில் நான்கு அளவு

அரிசி ஆலை, செங்கல் சூளைப் பக்கம் உள்ள வே பிரிட்ஜ் போதும். தனி டிராக்டரின் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஓர் அளவு. டிராக்டரை முழுவதும் ஏற்றி இரண்டாவது அளவு. பாரம் ஏற்றிய டிரெய்லரைப் பூட்டி, மறுபடியும் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி மூன்றாவது அளவு. டிரெய்லர் சக்கரம் வெளியே இருக்க, டிராக்டரின் நான்கு சக்கரமும் மேடையில் நிற்கும்படி நான்காவது அளவு. நான்காவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கொக்கிப் பாரம். முதல் அளவிலிருந்து மூன்றாவதைக் கழித்தால், முன் சக்கரம் இழந்த எடை.

சரிசெய்யும் வழிகள்

1. பாரத்தைக் குறைப்பது: 100 கன அடி கொண்டது ஒரு யூனிட். ஈர வண்டல் ஒரு கன அடி 45 முதல் 50 கிலோ வரை இருக்கும். ஆக, ஒரு யூனிட் மண்ணே 4.5 முதல் 5 டன். அதோடு டிரெய்லரின் எடையும் சேரும். காய்ந்த எரு ஏற்றிய அதே உயரத்துக்கு ஈர மண்ணை ஏற்றக் கூடாது.

2. இடம் மாற்றுவது: பொக்லைன் ஓட்டுபவர் பெரும்பாலும் முன்பலகையை ஒட்டிக் குவித்துவிடுவார். அந்த இடத்தில் அரை டன் குறைத்தால் கொக்கிப் பாரம் சுமார் 150 கிலோ குறையும். மண் டிரெய்லரின் அச்சுக்கு மேல் நிற்க வேண்டும். அதற்காக முழுவதையும் பின்னால் தள்ளவும் கூடாது. பின்பாரம் கூடினால் டிராக்டரின் பின்புறம் தூக்கி, சக்கரத்துக்குப் பிடிப்பு போய்விடும். ரோட்டில் டிரெய்லர் வால் ஆட்டும்.

3. முன் வெயிட்: டிராக்டர் நிறுவனம் கொடுக்கும் வார்ப்பிரும்பு வெயிட்டுகளை முன் பம்பரில் மாட்டலாம். முன் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் தொங்கும் 100 கிலோ வெயிட், முன் சக்கரத்தில் 125 கிலோவாக இறங்கும். எவ்வளவு வரை மாட்டலாம் என்பது கையேட்டில் இருக்கும். அதைத் தாண்டக் கூடாது. பின் டயரில் தண்ணீர் நிரப்பினால் பின் சக்கரப் பிடிப்பு கூடுமே தவிர, முன் சக்கரம் தூக்குவது நிற்காது.

4. கொக்கி உயரம்: டிரெய்லரை, நிறுவனம் கொடுத்த கொக்கியில், பின் அச்சின் உயரத்துக்குக் கீழேதான் பூட்ட வேண்டும். இழுவைப் புள்ளி உயர உயர டிராக்டர் மல்லாக்கும்.

மேலே பார்த்த கணக்கில் 225 கிலோவில் நின்ற முன் சக்கரத்துக்கு, 100 கிலோ வெயிட் மாட்டினால் 350 கிலோ கிடைக்கும். முன்பலகைப் பக்கம் அரை டன் மண் குறைத்தால் 400 கிலோவை எட்டும். செலவு, முன் வெயிட்டுக்கும் ஒன்றிரண்டு கூடுதல் நடைக்கும்தான்.

கரை ஏறும்போது

கீழேயே லோ கியர் போட்டு, நடுவில் கியர் மாற்றாமல், கிளட்சை மெதுவாக விட்டு ஏற வேண்டும். முன் சக்கரம் எழும்பினால் உடனே கிளட்சை மிதித்து, சக்கரம் தரையைத் தொட்டதும் பிரேக்கால் வண்டியை நிறுத்த வேண்டும். ஸ்டீயரிங் பிடிக்கவில்லை என்று ஒரு பக்க பிரேக்கை மிதித்துத் திருப்புவது பலரின் பழக்கம். டிரெய்லர் பூட்டியிருக்கும்போது இது வண்டியைக் கவிழ்த்துவிடும். உழவு முடிந்து ரோட்டுக்கு வந்ததும், இரண்டு பிரேக் மிதிகளையும் சேர்த்துப் பூட்டுவதை மறக்கக் கூடாது. இறக்கத்தில் நியூட்ரல் கூடவே கூடாது. கொக்கிப் பின்னுக்குப் பூட்டு ஊசியும், பாதுகாப்புச் சங்கிலியும் அவசியம்.

மண் மேலும், மட்கார்டிலும் ஆட்களை ஏற்றுவதும் வேண்டாம். ஒரு டிராக்டரில் ஓட்டுநருக்கு மட்டும்தான் இருக்கை உண்டு. வேலையாட்கள் கரை வரை நடந்து வரட்டும். நேரம் கொஞ்சம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.