நிழலாட்டமாய்க் கேட்கும் மெட்டு



இங்கிலாந்து தேசத்து இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கரின் ‘எனிக்மா வேரியேஷன்ஸ்’ என்னும் வாத்தியக்குழு இசை, 1899 ஜூன் 19 அன்று லண்டனில் முதன்முறையாக அரங்கேறியது. எனிக்மா என்றால் புதிர். ஒரே மெட்டு அதில் 14 விதமாய் உருமாறி வருகிறது. அவருடைய மனைவியும் நண்பர்களும், இறுதியில் அவர்தாமும், இசையால் சித்திரிக்கப்படுகிறார்கள். இவை அனைத்தின் ஊடாகவும் இசைக்கப்படாத வேறொரு பெரிய மெட்டு செல்லுகிறது என்று எல்கர் அறிவித்தார். அது எதுவென்று வெளிப்படுத்தாமலே 1934-ல் மரித்தார்.

அதன் பின்னும் தேடல் ஓயவில்லை. அமெரிக்க வயலின் ஆசிரியர் ஒருவர், 46-ஆம் சங்கீதத்தைத் தழுவி மார்ட்டின் லூதர் இயற்றிய கீர்த்தனையின் மெட்டே அது என்று நிறுவப் பல ஆண்டுகளாய் உழைத்து வருகிறார். இசைத்தாளில் இரகசியக் குறியீடுகள் புதைந்திருப்பதாகவும் விளக்குகிறார். ஆயினும் எல்லாரும் ஏற்கும் விடை இதுவரை கிடைக்கவில்லை.

லூதரின் பாடலே விடையானால் நமக்கு மகிழ்ச்சிதான். தேடுவதும் தவறன்று. ஆனால் விடையை முதலில் தீர்மானித்துவிட்டுத் தேடுகிறவனுக்கு அதன் அடையாளங்கள் எங்கும் தென்படும் என்பதே என் அச்சம். வேதத்திலுள்ள எண்களைக் கூட்டிக் கழித்துக் கடைசி நாளைக் கணிக்கிறவர்களுக்கு நேரிடுவது இதுவே. துக்கவீட்டுக்குள் நுழைந்தவுடன், “தேவன் இந்தக் காரணத்துக்காகவே எடுத்துக்கொண்டார்” என்று சொல்லிவிடுகிறோமே, அதுவும் இவ்வகைப்பட்டதே. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அந்த விடை ஆறுதலாவதில்லை. அவள் காயத்தின்மேல் வைத்த பாரமாகிறது.

பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தில், நாம் இப்பொழுது காண்பது ‘நிழலாட்டமாய்’ என்கிறார். அவ்விடத்தில் மூல கிரேக்கத்தில் உள்ள சொல் ‘அயினிக்மா’. எல்கர் தம் படைப்புக்கு இட்ட ‘எனிக்மா’ என்னும் பெயர் அதிலிருந்தே பிறந்தது. நம் அறிவு குறைவுள்ளது என்று அங்கே ஒப்புக்கொள்ளும் அப்போஸ்தலன், விடையை ஊகிக்க முற்படவில்லை. அன்பே பெரியது என்று அந்த அதிகாரத்தை முடிக்கிறார்.

எல்கரின் படைப்பும் இதற்குச் சாட்சி. அதன் ஒன்பதாம் பகுதிக்கு ‘நிம்ரோத்’ என்று பெயர். ஆதியாகமத்தில் நிம்ரோத் பலத்த வேட்டைக்காரன். எல்கரின் நண்பர் யேகருடைய பெயருக்கு ஜெர்மன் மொழியில் வேட்டைக்காரன் என்று பொருள். எல்கர் மனம் சோர்ந்திருந்த காலத்தில், பேத்தோவன் துன்பங்களின் நடுவிலும் எழுதுவதை நிறுத்தவில்லை என்று நினைவூட்டி அவரைத் தேற்றியவர் அவர். போரில் மடிந்தோரை நினைவுகூரும் லண்டன் ஆராதனையில் அந்தப் பகுதி இன்றும் இசைக்கப்படுகிறது. கூடிநிற்பவர்களுக்குப் புதிரின் விடை தெரியாது. ஆனாலும் ஒரு நண்பனின் அன்பு அவர்களைத் தொடுகிறது.

ஆகவே பிரியமானவர்களே, இந்த வாரம் துக்கத்திலிருக்கும் ஒரு வீட்டுக்குச் செல்லுங்கள். காரணம் சொல்லாதிருங்கள். “ஏன்?” என்று அவர்கள் கேட்டால், “எனக்குத் தெரியாது” என்று சொல்லி, அருகே அமர்ந்திருங்கள். முகமுகமாய்க் காணும் நாளில் நாம் முழுமையாய் அறிந்துகொள்வோம். அதுவரை ஒருவரையொருவர் தாங்க கர்த்தர் நமக்குக் கிருபை அருளுவாராக. ஆமென்.