சம்பளத்தோடு பங்கு! லாபமா, விலங்கா?

மாதம் பிறந்தால் சம்பளம். இதுதான் நமக்குத் தெரிந்த உத்தியோகம்.

ஆனால், அமெரிக்காவின் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகளில் பணம் மட்டும் சம்பளம் அல்ல. கம்பெனியின் பங்குகளையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மேல் பதவிகளில், பணத்தை விடப் பங்கின் மதிப்பே அதிகமாக இருப்பதும் உண்டு.

கம்பெனி தன் பங்கை ஏன் ஊழியருக்குக் கொடுக்கிறது? தாராள மனதா? இல்லை. கெட்டிக்கார ஆள் கையை விட்டுப் போகக் கூடாது என்ற கணக்கு!

நாலு வருஷத் தவணை

பங்கு தருவதாக வேலைக் கடிதத்தில் எழுதுவார்கள். சேர்ந்த அன்றே தர மாட்டார்கள். பெரும்பாலும் 4 ஆண்டுகளில் தவணை தவணையாகத் தருவார்கள்.

அமேசான் கம்பெனி பல ஆண்டுகள் பின்பற்றிய முறையைப் பாருங்கள். ஒருவருக்கு 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் கிடைப்பது 5. இரண்டாம் ஆண்டில் 15. மூன்றாம் ஆண்டில் 40. நான்காம் ஆண்டில் 40.

இரண்டு ஆண்டு முடிந்ததும் அவர் விலகினால், கையில் 20 பங்குதான். மீதி 80 போனது போனதுதான்!

அதனால், வேறு கம்பெனி கூப்பிட்டாலும் பலர் போவதில்லை. "இன்னும் ஒரு வருஷம் பொறுப்போம்" என்று இருந்துவிடுகிறார்கள். இடையில் கம்பெனியே புதிதாகக் கொஞ்சம் பங்கு தரும். அதற்கும் தவணை உண்டு. இதைத்தான் பொன் விலங்கு என்கிறார்கள்.

ஏற்றமும் இறக்கமும்

பங்கு விலை நிலையானது அல்ல. 2022ஆம் ஆண்டில் அமேசான் பங்கு விலை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பேஸ்புக்கை நடத்தும் மெட்டா கம்பெனியின் பங்கு நூற்றுக்கு 60க்கு மேல் சரிந்தது. பங்கை நம்பிச் சேர்ந்தவர்களின் வருமானமும் சரிந்தது. அடுத்த ஆண்டு விலை மீண்டும் ஏறியது. அதுவரை காத்திருந்தவர்கள் பிழைத்தார்கள்.

நம் சென்னையில் தொடங்கிய பிரஷ்வொர்க்ஸ் கம்பெனியின் கதையும் இதுதான். 2021 செப்டம்பரில் அது அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. பங்கு ஒன்று 36 டாலர். முதல் நாளே 47 டாலரைத் தாண்டியது. தம் ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் சொன்னார். மறு ஆண்டே அந்தப் பங்கு 20 டாலருக்கும் கீழே இறங்கியது.

கேட்க வேண்டிய கேள்விகள்

உங்கள் மகனோ மகளோ இப்படி ஒரு வேலைக் கடிதத்தோடு வந்தால், மொத்தத் தொகையைப் பார்த்து மட்டும் மகிழ்ந்துவிடாதீர்கள். கேளுங்கள்:

இதில் ரொக்கம் எவ்வளவு? பங்கு எவ்வளவு?

எந்த ஆண்டில் எத்தனை பங்கு கைக்கு வரும்?

கம்பெனியே வேலையை விட்டு நீக்கினால், வராத பங்கு என்ன ஆகும்?

அந்தப் பங்கைச் சந்தையில் விற்க முடியுமா?

வரியையும் மறக்க வேண்டாம். இப்படித் தவணையில் தரும் பங்கு கைக்கு வரும்போது, அன்றைய விலையைச் சம்பளமாகக் கருதி வரி போடுவார்கள். பிறகு விலை விழுந்தாலும் கட்டிய அந்த வரி திரும்பாது.

வீட்டுக் கடனா? தங்கையின் கல்யாணமா? மாதம்தோறும் கைக்கு வரும் ரொக்கத்தை வைத்தே கணக்குப் போடுங்கள். பங்கு பணமான பிறகு அதைச் சேமிப்பில் சேருங்கள். வருமுன் செலவழிக்க வேண்டாம்.