மாளிகை முதலில், பேருந்து கடைசியில்!

சென்னை மத்திய கைலாசத்தில் தொடங்கிச் சிறுசேரி வரை நீண்டு கிடக்கிறது ஒரு சாலை. பழைய மகாபலிபுரம் சாலை என்பார்கள் முதியவர்கள். இராஜீவ் காந்தி சாலை என்கிறது அரசாங்கப் பலகை. ஓ.எம்.ஆர். என்று குரல் கொடுக்கிறார் பேருந்து நடத்துநர். பெயர் மூன்று; ஆனால் சாலை ஒன்றல்ல, இரண்டு! குளிரூட்டிய மோட்டாரில் அமர்ந்து கண்ணாடி மாளிகைக்குப் போவோரின் சாலை ஒன்று. அந்த மாளிகையைப் பெருக்கி, துடைத்து, இரவெல்லாம் காவல் காத்து, பொழுது விடிந்ததும் வெளியே வந்து பேருந்துக்குக் கால்கடுக்கக் காத்து நிற்போரின் சாலை மற்றொன்று. இந்த இரண்டாவது சாலையைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். முதல் சாலையைப் பற்றிப் பேச ஆங்கில ஏடுகள் இருக்கின்றன, வக்கணையாகவே பேசுகின்றன.

2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதை நாம் குறை சொல்லவில்லை. உழவன் வீட்டுப் பிள்ளையும் நெசவாளி வீட்டுப் பெண்ணும் கணினி கற்று அங்கே நாற்காலி போட்டு அமர்ந்தார்கள் என்றால், அதைக் கண்டு பூரிப்பவர்கள் நாம். ஆனால் அதே 2000ஆம் ஆண்டில், அதே சாலையை ஒட்டி, துரைப்பாக்கத்துக்கு அருகே இன்னொரு வேலையும் நடந்தது. நகரின் நடுவே ஆற்றோரத்திலும் கால்வாய்க் கரையிலும் குடிசை போட்டு வாழ்ந்த மக்களை வாரி வந்து அங்கே இறக்கினார்கள். கண்ணகி நகர் என்று பெயர் வைத்தார்கள். அரசவையில் நின்று நீதி கேட்டவளின் பெயரைச் சூட்டினார்கள். நீதியை மட்டும் வழியில் எங்கோ இறக்கிவிட்டு வந்தார்கள்! பின்னர் செம்மஞ்சேரி. அதன் பின்னர் பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரை, கூவக்கரை மக்கள் அங்கேதான் அடுக்கடுக்காக ஏற்றி வைக்கப்பட்டார்கள்.

வீடு கிடைத்தது, உண்மை. வேலை? சேப்பாக்கத்தில் மூட்டை தூக்கியவருக்கும், மயிலாப்பூரில் நான்கு வீட்டில் பாத்திரம் துலக்கியவருக்கும், கொத்தவால்சாவடியில் வண்டி இழுத்தவருக்கும் வேலை நடந்து போகும் தூரத்தில் இருந்தது. ஒரே நாளில் அது பதினைந்து, இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. விடியற்காலையில் கிளம்பினால்தான் வேலை. பேருந்து தவறினால் அன்றைய கூலி தவறியது. நான்கு நாள் தவறினால் வேலையே தவறியது. தாய் வேலைக்குப் போய்த் திரும்ப இரவாகிவிடும் என்று பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பெண் குழந்தைகளை எந்தத் திட்ட அறிக்கை எண்ணியிருக்கிறது?

அடுத்து வந்தது அகலச் சாலை. ஆறு வழி! 2008இல் திறந்தார்கள், கூடவே சுங்கச்சாவடியையும் திறந்தார்கள். ஊருக்குள்ளே போகும் சாலைக்குச் சுங்கம்! பக்கத்துத் தெருவுக்குப் போகவும் பணம்! மக்கள் முணுமுணுத்தார்கள், பிறகு முழங்கினார்கள். பெருங்குடி முதலான நான்கு இடங்களில் 2021இல் வசூல் நின்றது. நாவலூரில் நிற்க 2023 ஆயிற்று. அந்தச் சாலையில் வண்டிக்கு ஆறு வழி கிடைத்தது. நடப்பவனுக்கு ஒரு வழியாவது கிடைத்ததா? நடைபாதை சில இடத்தில் இருக்கும், பல இடத்தில் மறையும். ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் போக வேண்டிய தாய், குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஓடுகிற மோட்டார்களுக்கு நடுவே உயிரைப் பணயம் வைக்க வேண்டும்.

இரயில்? கடற்கரையிலிருந்து வந்த பறக்கும் இரயில் திருவான்மியூரில் இந்தச் சாலையை நெருங்கியது. தரமணி வரை வந்தது. பிறகு மேற்கே திரும்பி 2007இல் வேளச்சேரிக்குப் போய்விட்டது. தெற்கே பெருகிக்கொண்டிருந்த மக்கள், அதன் முதுகைத்தான் பார்த்தார்கள்.

இப்போது மெட்ரோ. இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை ஒரு தடம். அது இந்தச் சாலையின் மேலேதான் போகிறது. 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார் ஒன்றிய உள்துறை அமைச்சர். அடிக்கல் நாட்டிய கை பணத்துக்கு நீளவில்லை! ஒன்றிய அமைச்சரவையின் ஒப்புதல் வந்தது 2024 அக்டோபரில். இடைப்பட்ட நான்கு ஆண்டும் மாநிலத்தின் பணத்திலும் கடனிலும் தூண் எழுந்தது. டில்லியின் பேரேட்டில் தமிழ்நாட்டின் பக்கத்தைப் புரட்ட இத்தனை காலமா?

டில்லியைச் சாடிவிட்டுக் கோட்டையை விட்டுவிடுவதும் நியாயமாகாது. பேருந்து, இரயில், மெட்ரோ மூன்றையும் ஒருங்கே திட்டமிட சென்னைக்கென ஒரு குழுமம் வேண்டுமென 2010இல் சட்டம் இயற்றினார்கள். முதலமைச்சர் தலைமையில் அதன் முதல் கூட்டம் நடந்தது 2022இல்! பன்னிரண்டு ஆண்டுகள்! ஆட்சிகள் மாறின, கோப்பு மட்டும் இடம் மாறவில்லை.

மெட்ரோ ஓடினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். நிலையம் பெருஞ்சாலையில்; பெரும்பாக்கத்துக் குடியிருப்போ உள்ளே தள்ளி. அங்கிருந்து நிலையத்துக்கு ஆட்டோவில் வர வேண்டுமென்றால், மெட்ரோச் சீட்டை விட ஆட்டோக் கூலி கனக்கும். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் கட்டணமில்லை. அது பல குடும்பங்களின் அடுப்பில் கூடுதலாக ஒரு வேளை உலை வைத்தது. அந்தத் தாயிடம் போய், இனி இரயில் வந்துவிட்டது, பேருந்தைக் குறைக்கிறோம் என்று சொன்னால் என்ன பொருள்? கையிலிருப்பதைப் பிடுங்குகிறோம் என்று பொருள்.

ஆகவே நாம் கேட்பது இது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மூன்றிலிருந்தும் நிலையங்களுக்குச் சிற்றுந்து, முதல் இரயிலுக்கு முன்பே தொடங்கிக் கடைசி இரயிலுக்குப் பிறகும் ஓட வேண்டும். ஆறு வழியில் இரண்டு வழி பேருந்துக்கே உரியதாக வேண்டும். “ஐயோ, நெரிசல்!” என்று மோட்டார் வைத்திருப்போர் அலறுவார்கள். அறுபது பேரைச் சுமக்கும் பேருந்து, ஒருவரைச் சுமக்கும் மோட்டாருக்குப் பின்னால் உறுமிக்கொண்டு நிற்கிறதே, அது நெரிசல் இல்லையா? வண்டியை எண்ணுகிறவர்கள் மனிதனை எண்ணட்டும். கணக்கு தானே மாறும்.

இன்னொன்றும் உண்டு, இதைத்தான் கண்காணிக்க வேண்டும். மெட்ரோத் தடத்தை ஒட்டிக் கூடுதல் மாடி கட்ட இடம் கொடுப்பது இன்றைய நகரத் திட்டக்காரர்களின் போக்கு. நல்லது, கட்டட்டும். பொதுப்பணத்தில் இரயில் வருகிறது. அதனால் நிலத்தின் விலை ஏறுகிறது. ஏறிய விலை யார் மடியில் விழுகிறது? நிலையத்தின் வாசலில் எழும் அடுக்குமாடியில் காவற்காரருக்கும் துப்புரவுப் பெண்ணுக்கும் வாடகைக்கு வீடு ஒதுக்கினால்தான் மாடி என்று ஆணை போடட்டும். இல்லையேல், இரயிலுக்கு அருகே இருப்பவருக்கு மோட்டார் இருக்கும்; இரயில் தேவைப்படுபவர் இன்னும் பத்து கிலோமீட்டர் தள்ளித் துரத்தப்படுவார்.

மூன்றாம் பெருந்திட்டத்தை வரையும் வேலையை வளர்ச்சிக் குழுமம் கையிலெடுத்திருக்கிறது. 2046 வரைக்கும் நகரம் எப்படி இருக்க வேண்டுமென்று தீர்மானிக்கும் திட்டம் அது. அதற்கான கருத்துக் கேட்புக் கூட்டம் எங்கே நடத்த வேண்டும்? எழும்பூரில் வேண்டாம். கண்ணகி நகரில் நடத்தட்டும். மாலை எட்டு மணிக்கு மேல் நடத்தட்டும். அதற்கு முன்னால் நடத்தினால், பேச வேண்டியவர்கள் பேருந்தில் இருப்பார்கள்.