மாமா காரு, மருமகன் எல்.எல்.ஆர்., நடுவுல ஒரு பொய்

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள பொருமிக்கிட்டு இருந்த விஷயம். இன்னிக்கு கொட்டிடுறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

எங்க மணப்பாட்டுல நிறைய வீட்டுல ஒருத்தராவது கப்பல்லயோ வெளிநாட்டுலயோ இருப்பாங்க. அவங்க வாங்கின காரு வீட்டு முன்னால தார்ப்பாய் போர்த்திக்கிட்டு நிக்கும். எங்க அண்ணனும் கப்பல்தான். கிளம்பும்போது "வண்டிய சும்மா நிறுத்திப் போடாதீங்கடே, பேட்டரி செத்துரும்"னு சாவியக் கொடுத்துட்டுப் போவான். வீட்டுல அக்கா மகன் 19 வயசு, புதுசா எல்.எல்.ஆர். எடுத்திருக்கான். அப்புறம் என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும் :-)

செப்டம்பர் 14 திருச்சிலுவை திருவிழா முடிஞ்சு ஊரு காலியான பிறகு ஒரு சாயங்காலம். பய ஓட்டுறான், அவங்க அப்பா பக்கத்துல. முன்னாலயும் பின்னாலயும் சிவப்பு 'எல்' ஒட்டியாச்சு. எல்லாம் முறையாத்தான். ரிவர்ஸ் எடுக்கையில காம்பவுண்ட் சுவர்ல ஒரே இடி. பின்பக்க பம்பர், டிக்கி கதவு, விளக்கு எல்லாம் போச்சு. மனுசங்களுக்கு ஒண்ணுமில்ல. பய மூஞ்சிதான் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு.

இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக்கு போன் போட்டேன். மனுசன் நான் முடிக்கிறதுக்குள்ள, "எல்.எல்.ஆரா? கிளெய்ம் வராது சார். உங்க மச்சான்கிட்ட லைசென்ஸ் இருக்குல்ல, அவரு ஓட்டினதா எழுதிக் கொடுத்துருங்க, நான் பாத்துக்கிறேன்" அப்படின்னாரு. என்னமோ பெரிய உதவி பண்ற தோரணையில!

அக்காவும் "பய பேரு எதுக்குடா, அத்தான் பேரையே எழுதிரு"ங்கிறா. நானும் எழுத உக்காந்துட்டேன், மறைக்கல. எழுதுறதுக்கு முன்னாடி பாலிசிய ஒரு தடவை வாசிச்சுத்தான் பாப்போமேன்னு தோணிச்சு. அண்ணன் வருசா வருசம் பணம் கட்டுற பேப்பரு, வீட்டுல யாரும் அதை விரிச்சுப் பாத்ததே இல்ல.

அதுல 'டிரைவர்' பத்தி ஒரு பத்தி இருக்கு. உங்க வீட்டு கார் பாலிசியிலயும் இருக்கும், எடுத்துப் பாருங்க. அது சொல்றது இதுதான்: சொந்தக்காரர் உட்பட யார் வேணும்னாலும் ஓட்டலாம், செல்லுபடியாகுற லைசென்ஸ் இருக்கணும். அடுத்த வரியில, எல்.எல்.ஆர். வச்சிருக்கவங்களும் ஓட்டலாம், ஆனா 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 3-வது விதிப்படி நடந்துக்கணும்.

அந்த 3-வது விதி என்ன? எல்.எல்.ஆர். கையில இருக்கணும், அது செல்லுற காலமா இருக்கணும் (ஆறு மாசம்தான்). அந்த வண்டிய ஓட்ட முழு லைசென்ஸ் உள்ள ஒருத்தர், தேவைப்பட்டா வண்டிய கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடியுற மாதிரி பக்கத்துல உக்காரணும். முன்னாலயும் பின்னாலயும் வெள்ளையில சிவப்பு எழுத்து 'எல்' இருக்கணும். அவ்வளவுதான்!

அதாவது பய செஞ்சது நூத்துக்கு நூறு சரி. உண்மையச் சொன்னாலே கிளெய்ம் வரும். வர வேண்டிய கிளெய்முக்கு நம்மளைப் பொய் சொல்லச் சொல்லிக் கொடுக்குறாரு அந்தப் புண்ணியவான். ஓட்டினது யாருன்னு பொய் எழுதிக் கொடுத்து அது வெளிய வந்தா, நல்ல கிளெய்மையும் தள்ளுபடி பண்ண அதுவே போதும். நாளைக்கு ரோட்டுல ஒருத்தர் மேல இடிச்சுட்டு இதே மாதிரி ஆள் மாத்தினா இன்சூரன்ஸோட நிக்காது, போலீஸ் கேஸ். மச்சான் கம்பி எண்ணணும்.

நான் உள்ளதை உள்ளபடி எழுதினேன். பயலோட எல்.எல்.ஆர். நகல், மச்சான் லைசென்ஸ் நகல் ரெண்டும் வச்சேன். சர்வேயர் வந்தாரு, பாத்தாரு, போனாரு. கட்டாயமா நம்ம கையிலிருந்து போடுற ஆயிரம் ரூபாயும் தேய்மானமும் கழிச்சு பணம் வந்துச்சு. அண்ணனோட நோ கிளெய்ம் போனஸ் போச்சு, அதுக்கு அவன் போன்ல அரை மணி நேரம் திட்டினான். நியாயம்தான். அஞ்சு வருசம் கிளெய்ம் பண்ணாம இருந்தா சொந்த சேதத்துக்கான பிரீமியத்துல 50 சதவீதம் வரைக்கும் தள்ளுபடி. ஒரு சுவர் அதைச் சாப்பிட்டுடுச்சு. அடுத்தவன் காரை எடுக்குறவங்க இந்தக் கணக்கையும் மனசுல வைங்க.

சரி, ரோட்டுல போற ஆளுக்கு அடிபட்டா? இதுக்கு 2004 ஜனவரியிலயே உச்சநீதிமன்றம் பதில் சொல்லியாச்சு. நேஷனல் இன்சூரன்ஸ் எதிர் ஸ்வரன் சிங் வழக்கு, மூணு நீதிபதிகள். எல்.எல்.ஆரும் சட்டப்படி லைசென்ஸ்தான், அதைக் காட்டி கம்பெனி தப்பிக்க முடியாதுன்னு தீர்ப்பு. இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. இன்னும் 'எல்.எல்.ஆருக்கு இன்சூரன்ஸ் கிடையாது'ன்னு டீக்கடையில மட்டுமில்ல, இன்சூரன்ஸ் விக்கிறவங்க வாயிலயும் ஓடிக்கிட்டு இருக்கு. விக்கிற சரக்கு என்னன்னு தெரியாம விக்கிறவரை என்னன்னு சொல்றது?

கம்பெனிய மட்டும் திட்டிட்டு நாம நல்லவங்களா நிக்க முடியாது. 'எல்' போர்டு ஒட்டுனா கேவலமாம்! 'எவன் கேப்பான், குலசை வரைக்கும்தானே'ன்னு பயலைத் தனியா அனுப்புற மாமாக்கள் எத்தனை பேரு. தசரா கூட்டத்துல அந்த ரோடு எப்படி இருக்கும்னு தெரியும்ல? அப்ப 3-வது விதி மீறியாச்சு. வண்டி சேதத்துக்கு கம்பெனி தாராளமா கைய விரிக்கலாம். அடிபட்டவங்களுக்கு கம்பெனிய முதல்ல கொடுக்கச் சொல்லிட்டு, அப்புறம் சொந்தக்காரர்கிட்ட வசூல் பண்ணிக்கச் சொல்லி கோர்ட்டு உத்தரவு போடுறது உண்டு. சாவியக் கொடுத்த மாமா கப்பல்ல சம்பாதிச்சது அத்தனையும் அதுல கரையும். லைசென்ஸே இல்லாதவன்கிட்ட சாவி கொடுத்தா, 2019 திருத்தத்துக்கு அப்புறம் சொந்தக்காரருக்கே 5,000 ரூபாய் அபராதம் இருக்கு.

இப்ப வர்றேன் என் உண்மையான ஆத்திரத்துக்கு.

பாலிசிய முழுசா வாசிச்சப்பதான் கண்ணுல பட்டுது. வண்டிக்கு காப்பீடு இருக்கு. சுவரு சொந்தக்காரனுக்கு இருக்கு. ரோட்டுல போறவனுக்கு இருக்கு. ஸ்டீயரிங் பிடிச்சிருக்க நம்ம பயலுக்கு என்ன இருக்கு?

கட்டாயமா எடுக்க வைக்கிற 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு (2018-ல உயர்த்தினது) 'ஓனர்-டிரைவருக்கு'. ஆர்.சி.யில பேரு உள்ளவர், பாலிசியில பேரு உள்ளவர், லைசென்ஸ் உள்ளவர். மூணும் ஒரே ஆளா இருக்கணும். எங்க அண்ணன் வருசத்துல பெரும்பகுதி நடுக்கடல்ல, அவனுக்கு இங்க நிக்கிற காருல 15 லட்சம். தினம் ஓட்டுற பயலுக்கு அதுல இடமில்ல.

கோர்ட்டுக்குப் போனா? 2009-ல நிங்கம்மா வழக்குல உச்சநீதிமன்றம் சொல்லிடுச்சு: வண்டிய இரவல் வாங்கி ஓட்டுறவர் சொந்தக்காரரோட இடத்துல நிக்கிறவர், மூணாம் மனுசன் இல்ல. அந்த வண்டியோட கம்பெனிகிட்ட அவர் குடும்பம் மூணாம் மனுசருக்கான இழப்பீடு கேக்க முடியாது. 2020-ல ராம்கிலாடி வழக்குலயும் அதே கதை. இரவல் பைக்ல போய் செத்தவரோட குடும்பத்துக்கு, பாலிசியில எழுதியிருந்த ஒரு லட்சம் மட்டும். அதுக்கும் டில்லி வரைக்கும் போக வேண்டியிருந்தது. தப்பு எதிர்ல வந்த வண்டி மேல இருந்தா அந்த வண்டியோட கம்பெனிகிட்ட கேக்கலாம். நம்ம பய தானா போய் புளியமரத்துல மோதினா? அவ்வளவுதான்.

கம்பெனிக்காரங்க சொல்ற நியாயமும் எனக்குத் தெரியும். யாரு ஓட்டுவாங்கன்னே தெரியாம எப்படி காப்பீடு கொடுக்குறதும்பாங்க. லண்டன்ல இருக்குற சொந்தக்காரப் பொண்ணு சொன்னா, அங்க மாமா காருல பழகணும்னா அவ பேரை மாமா பாலிசியில சேக்கணும், இல்லேன்னா பழகுறவங்களுக்குன்னே இருக்குற குறுகிய கால பாலிசி தனியா எடுக்கணும். காசு கூடத்தான். ஆனா அங்க 'யாரு ஓட்டுறா?'ன்னு கேக்குறாங்க. இங்க அந்தக் கேள்வியே இல்ல. இங்கயும் பேரு குறிப்பிட்டு ஒருத்தருக்கு விபத்துக் காப்பீடு சேத்துக்கிற வழி இருக்கு. எந்த ஏஜென்ட்டாவது உங்ககிட்ட வாயத் திறந்து சொல்லியிருக்காரா?

என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணு. 'ஓனர்-டிரைவர்'ங்கிற வார்த்தைய எடுத்துட்டு, 'சொந்தக்காரர் அனுமதியோட, சட்டப்படி ஓட்டுறவர்'னு போடுங்க. இந்த நாட்டுல காரு ஒருத்தர் பேருல இருக்கும், ஓட்டுறது வீடே சேந்து. அது தெரியாத மாதிரி எழுதின பாலிசி யாருக்கு?

அது வர்ற வரைக்கும் நீங்க செய்யக்கூடியது: 'எல்' ஒட்டுங்க. லைசென்ஸ் உள்ள ஆளோட போங்க. புதுப்பிக்கும்போது பயலோட பேரைச் சேக்கச் சொல்லுங்க, இல்லேன்னா அவனுக்குத் தனியா ஒரு விபத்து பாலிசி எடுங்க. முக்கியமா, பொய் எழுதிக் கொடுக்காதீங்க.

டிஸ்கி: பய போன மாசம் லைசென்ஸ் எடுத்துட்டான். ரிவர்ஸ் மட்டும் இன்னும் நான்தான் எடுக்குறேன் :-)