பழகிய திரையும் பயனரின் குரலும்

வீட்டில் இல்லாத நேரத்தில் யாரோ ஒருவர் சமையலறைப் பொருள்களை இடம் மாற்றி அடுக்கிவிட்டால், சமைப்பவருக்கு எப்படி இருக்கும்? புதிய அடுக்கு முன்பைவிட அழகாகக்கூட இருக்கலாம். ஆனால், கை தானாகப் போகும் இடத்தில் உப்பும் இல்லை, மிளகாய்த்தூளும் இல்லை. தேடித் தேடியே நேரம் போய்விடும். பழகிய கணினித் திரை ஒரே நாளில் மாறிவிடும்போது பயனருக்கு ஏற்படும் எரிச்சலும் இத்தகையதே.

லினக்ஸ் இயங்குதளத்தின் வரலாறு இதற்குச் சிறந்த சான்றாகும். 1991ஆம் ஆண்டு, பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய முயற்சியின் பயனாக அது உருவானது. அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். திரையில் தோன்றும் பட்டியல்கள், பொத்தான்கள், சாளரங்கள் ஆகியவற்றின் தொகுப்பை இடைமுகம் என்பர். லினக்ஸில் இந்த இடைமுகத்தை க்னோம், கேடிஇ போன்ற தனித்தனிக் குழுக்கள் உருவாக்கி வருகின்றன.

2008ஆம் ஆண்டு ஜனவரியில் கேடிஇயின் நான்காம் பதிப்பு வெளிவந்தது. முந்தைய பதிப்பில் இருந்த பல வசதிகள் அதில் இன்னும் சேர்க்கப்படவில்லை. இதனால் பயனர் பலர் ஏமாற்றம் அடைந்தனர். 2011ஆம் ஆண்டு ஏப்ரலில் க்னோமின் மூன்றாம் பதிப்பு வந்தது. ஒன்பது ஆண்டுகளாகப் பழகியிருந்த அடிப்பட்டையும் பட்டியலும் மறைந்தன. சாளரத்தைச் சுருக்கும் பொத்தான்கூட வழக்கமான இடத்தில் இல்லை. அதே மாதத்தில் யூபுண்டு இயங்குதளமும் யூனிட்டி என்னும் புதிய இடைமுகத்திற்கு மாறியது. லினக்ஸைத் தொடங்கிய டோர்வால்ட்ஸே க்னோமின் புதிய பதிப்பை வெளிப்படையாகக் கண்டித்து, எக்ஸ்எஃப்சிஇ என்னும் எளிய இடைமுகத்திற்கு மாறினார்.

மாற்றத்தை வெறுப்பவர்களே இப்படிக் குறை கூறுகிறார்கள் என்று சிலர் கருதுகின்றனர். அக்கருத்து ஏற்புடையதன்று. பழக்கம் என்பது சோம்பல் அன்று; பல நாள் பயிற்சியால் கிடைத்த திறன். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று எண்ணாமலேயே வேலை செய்பவரின் கவனம் முழுவதும் வேலையில் இருக்கும். இடைமுகம் மாறியவுடன் அந்தக் கவனம் கருவியின் பக்கம் திரும்பிவிடுகிறது. முதியவர்களுக்கும் பார்வைக் குறைபாடு உடையவர்களுக்கும் இந்த இழப்பு இன்னும் பெரிது. ஆகவே, அவர்களின் சலிப்பை முணுமுணுப்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது.

அதே வேளையில், உருவாக்குநரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களுள் பலர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். பழைய நிரலைக் காலமெல்லாம் பேணுவது பெருஞ்சுமையாகும். அகலமான திரைகள், தொடுதிரைகள் போன்ற புதிய கருவிகளுக்கு ஏற்ப இடைமுகமும் மாறித்தான் ஆக வேண்டும். மாற்றமே வேண்டாம் என்று கூறினால் எந்தத் தொழில்நுட்பமும் வளராது.

அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது? மாற்றத்தில் இல்லை, மாற்று வழியை அடைத்துவிடுவதில்தான் இருக்கிறது. யூனிட்டியின் கதை இதனை நன்கு விளக்குகிறது. தொடக்கத்தில் அதனைப் பலர் எதிர்த்தனர். காலப்போக்கில் பலர் அதற்குப் பழகிவிட்டனர். 2017ஆம் ஆண்டு யூபுண்டு அதனைக் கைவிட்டு மீண்டும் க்னோமுக்குத் திரும்புவதாக அறிவித்தபோது, இம்முறை யூனிட்டிக்குப் பழகியவர்கள் வருந்தினர். எனவே, எந்த இடைமுகம் சிறந்தது என்பது மட்டுமே சிக்கலன்று. பழகியதைக் கேட்காமல் பறிப்பதே மனத்தை வருத்துகிறது.

லினக்ஸ் பயனர்கள் குறை கூறுவதோடு நின்றுவிடவில்லை என்பது பாராட்டத்தக்கது. மூல நிரல் எல்லாருக்கும் பொதுவாக இருந்ததால், அர்ஜென்டினாவைச் சேர்ந்த பயனர் ஒருவர் க்னோமின் பழைய பதிப்பை எடுத்து வளர்க்கத் தொடங்கினார். அதுவே மாட்டே என்னும் இடைமுகமாக இன்றும் பயன்பாட்டில் உள்ளது. லினக்ஸ் மின்ட் குழுவினர் புதிய தொழில்நுட்பத்தின்மீது பழைய அமைப்பைக் கொண்ட சின்னமன் இடைமுகத்தை உருவாக்கினர். யூனிட்டியையும் தன்னார்வலர்கள் தொடர்ந்து பேணி வந்தனர். அதனைக் கொண்ட பதிப்பு 2022ஆம் ஆண்டு யூபுண்டுவின் அதிகாரப்பூர்வப் பதிப்புகளுள் ஒன்றானது. க்னோம் குழுவினரும் பயனரின் குரலுக்குச் செவிசாய்த்தனர். 2013ஆம் ஆண்டு வெளியான பதிப்பில், பழைய தோற்றத்தை விரும்புவோருக்கென ஒரு தனி அமைப்பைச் சேர்த்தனர்.

இந்த வரலாறு இரு தரப்பினருக்கும் பாடம் கற்பிக்கிறது. உருவாக்குநர்கள் மாற்றத்தின் காரணத்தை முன்கூட்டியே எடுத்துரைக்க வேண்டும். பயனர் பழகும் வரையிலாவது பழைய அமைப்பையும் விட்டுவைக்க வேண்டும். பயனர்களும் வசைபாடுவதைத் தவிர்த்து, எந்த வசதி எதற்காகத் தேவை என்பதைத் தெளிவாக எழுதித் தெரிவிக்க வேண்டும். வெறும் கோபம் உருவாக்குநரின் ஊக்கத்தைக் கெடுக்கும். தெளிவான குறிப்போ அடுத்த பதிப்பைச் செம்மைப்படுத்தும்.

புதிய பாலத்தில் மக்கள் நடக்கத் தொடங்கும் முன்னரே பழைய பாலத்தை இடிப்பது அறிவுடைமை ஆகாது. கணினித் திரைக்கும் இது பொருந்தும். கருவி மனிதனுக்காகவே படைக்கப்படுகிறது. அதனை மாற்றும் உரிமை உருவாக்குநருக்கு உண்டு என்றால், அம்மாற்றத்தைப் பற்றிப் பேசும் உரிமை அதனை நாள்தோறும் பயன்படுத்துவோருக்கும் உண்டு.