மகாகனம் சாஸ்திரியாரும் கேப்டவுன் உடன்படிக்கையும்

ஆரம்பாக்கம் முதலிய பழவேற்காட்டு ஏரிக்கரையூராராகிய நமக்குத் தென்னாப்பிரிக்க விவகாரம் அயலாருடையதன்று. ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதற்கப்பல் 1860-ல் நமக்குத் தெற்கேயுள்ள சென்னைத் துறையினின்றே நேட்டாலுக்குப் புறப்பட்டது. ஒப்பந்தகாலம் தீர்ந்தோரிற் சிலர் டர்பன் விரிகுடாவில், நம்மவர்போலவே, வலைவீசி ஜீவித்தனர்.

அவர்கள் சந்ததியாருக்காக வழக்காடச் சென்றவர் வலங்கைமான் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார். திருவல்லிக்கேணியில் தலைமை உபாத்தியாயராயிருந்த இவர், 1921-ல் ஜினீவா சர்வதேச சங்கத்திலும் வாஷிங்டன் கடற்படை மகாநாட்டிலும் இந்தியப் பிரதிநிதியாய் அமர்ந்தார். 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய ஏஜெண்டாக விளங்கினார். இவர்தம் ஆங்கில நாவன்மையை மெச்சாதார் இலர். கல்லூரி மாணவர் அதனையே பெரிதும் கொண்டாடுவர். நாமோ, இவர் முயற்சியால் இந்தியச் சிறுவர்க்கென டர்பனில் எழுந்த சாஸ்திரி கல்லூரியையே அதனினும் மேலாகக் கருதுகின்றோம்.

ஆயினும், 1927-ஆம் ஆண்டுக் கேப்டவுன் உடன்படிக்கையை நாம் முற்றும் ஒப்போம். அதனைப் பேசிமுடித்த தூதுக்குழுவில் சாஸ்திரியாரும் ஒருவர். இந்தியருட் பெரியோர்க்குத் தலைக்கு 20 பவுன் கொடுத்துக் கப்பலேற்ற அது இடந்தந்தது. அங்கேயே பிறந்து இத்தேசத்தைக் கண்டறியாதாரும் அத்தொகையை நம்பி வந்திறங்கினர். பலர் சென்னையில் வேலையும் சுற்றமுமின்றி அலைந்தனர். மூன்றாண்டுகளுக்குள் அப்பணத்தைத் திருப்பிச் செலுத்தி மீளாதார், தாம் பிறந்த நாட்டில் வாழும் உரிமையையே இழந்தனர்.