பார்சலும் ரசீதும்



விடுதியில் தங்கிப் பயிலும் பிள்ளைக்கும், தொலைவில் பணிபுரியும் மகளுக்கும் சிறு பார்சல் அனுப்பாத இல்லம் நம் ஊர்களில் அரிது. திருவிழாக் காலங்களில் பலகாரப் பெட்டிகளும் துணிப் பொதிகளும் அஞ்சலகத்தில் குவிகின்றன. "நம்பர் போட்டுக் கொடுத்துவிட்டார்கள், இனிக் கவலையில்லை" என்று மனநிறைவுடன் வீடு திரும்புகிறோம். அந்த எண் நமக்கு எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்பதை இம்மாதம் சிந்திப்போம்.

முதற்கண் மேல்விலாசம். சமணக் குகைச் சிற்பங்களைக் கொண்ட தொண்டூர், செஞ்சிக்கு அண்மையில் உள்ளது. ஆந்திர மாநிலக் கடப்பை மாவட்டத்திலும் ஒரு தொண்டூர் உண்டு. ஊர்ப் பெயரை மட்டும் எழுதினால் பொதி எங்கே செல்லும்? இக்குழப்பத்தை நீக்கவே 1972 ஆகஸ்ட் 15 அன்று ஆறு இலக்கப் பின்கோடு நடைமுறைக்கு வந்தது. முதல் இலக்கம் 6 எனில் தமிழகம், கேரளம், புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகியவற்றுள் ஒன்று. 5 எனில் ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம். முதல் மூன்று இலக்கங்கள் அஞ்சல்களைப் பிரிக்கும் வட்டாரத்தையும், இறுதி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் குறிக்கும். செஞ்சியின் எண் 604202. சுற்றுக் கிராமத்தார் தம் ஊருக்குரிய எண்ணைத் தபால்காரரிடம் கேட்டறிந்து, உறவினருக்கும் தெரிவிப்பது நன்று. அனுப்புநர், பெறுநர் இருவர் விலாசத்தையும் ஒரு தாளில் எழுதிப் பொதியின் உள்ளேயும் வைக்கவேண்டும். மேலே ஒட்டிய சீட்டு கிழிந்தாலும் அது காப்பாற்றும்.

அடுத்து, ரசீதில் உள்ள எண். முன்னே இரண்டு எழுத்துகள், நடுவே ஒன்பது இலக்கங்கள், முடிவில் நம் நாட்டைக் குறிக்கும் 'ஐ.என்.' என்னும் இரண்டு எழுத்துகள், ஆகப் பதின்மூன்று. உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த முறை இது. ஒன்பதாம் இலக்கம் மற்ற எட்டையும் கொண்டு கணக்கிடப்படுவது. ஓர் இலக்கம் பிழையாக எழுதப்பட்டால் பெரும்பாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். அஞ்சல் துறையின் இணையதளத்தில் இவ்வெண்ணைப் பதிந்தால் பொதி கடந்துவந்த நிலையங்கள் தெரியும். ஊழியர் பொதியின் எண்ணைக் கருவியால் படித்துப் பதியும்போதுதான் புதிய குறிப்பு தோன்றும். ஆகவே வழியில் ஒரு நாள் குறிப்பு எதுவும் வராவிடில், பொதி தொலைந்தது என்று பதறவேண்டியதில்லை.

1986-இல் தொடங்கிய ஸ்பீடு போஸ்ட் சேவையுடன், நாம் நெடுங்காலம் அறிந்திருந்த பதிவுத் தபால் 2025-ஆம் ஆண்டில் இணைக்கப்பட்டது. பெறுநரிடமோ அவர் அதிகாரம் அளித்தவரிடமோ மட்டும் கொடுக்கவேண்டுமெனில், ஸ்பீடு போஸ்ட் கட்டணத்துடன் 5 ரூபாயும் வரியும் கூடுதலாகச் செலுத்திப் பதிவு செய்துகொள்ளலாம் என 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது.

இனி நாம் மறக்கலாகாத செய்தி. எண் என்பது வழிகாட்டி. அது காப்பீடு ஆகாது. பொதி எங்கே இருக்கிறது என்று அது சொல்லும். தொலைந்தால் பொருளின் விலையைத் தராது. ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால், கட்டிய கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே இழப்பீடு என்பது நெடுநாள் விதி. நூறு ரூபாய் கட்டி அனுப்பிய மூவாயிரம் ரூபாய்ப் பட்டுப்புடவை தொலைந்தால், இவ்விதிப்படி கிடைப்பது இருநூறு ரூபாயே! விலையுள்ள பொருளை அனுப்பும்போது, மதிப்பைக் கூறி இன்ஷூர் செய்வதே தக்க வழி.

பலகார டப்பாவுக்குள் பணத்தாளை மடித்து வைப்பதும், துணி மடிப்பில் மோதிரத்தை முடிந்து அனுப்புவதும் நம் தாய்மார்களிடையே உள்ள பழக்கம். அன்பினால் செய்வதே எனினும் அது விதிக்குப் புறம்பானது. பணமும் நகையும் இன்ஷூர் செய்தே அனுப்பப்படவேண்டும். மறைத்து வைத்தது காணாமற் போனால், வைத்ததற்குச் சான்று ஏது? பணத்தை வங்கி வழியாகவோ அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு வழியாகவோ அனுப்புவதே பாதுகாப்பு.

மற்றோர் எச்சரிக்கையும் தேவை. "உங்கள் பார்சல் வந்துள்ளது, விலாசம் முழுமையாக இல்லை, இந்த இணைப்பைத் தொட்டுத் திருத்துங்கள்" என்று கைப்பேசியில் செய்தி வருகிறது. இத்தகைய செய்திகளை அஞ்சல் துறை அனுப்புவதில்லை என அரசின் உண்மை கண்டறியும் பிரிவு எச்சரித்துள்ளது. பிள்ளையிடமிருந்து பொதியை எதிர்நோக்கும் முதியவர்களே இதில் எளிதில் ஏமாறுகிறார்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு இதை இன்றே எடுத்துச் சொல்வோம். ஐயம் எழுந்தால், ரசீதில் உள்ள எண்ணோடு அஞ்சலகத்திற்கு நேரில் செல்வோம்.

பொதி கைக்குச் சேர்ந்தது என்ற சொல் வரும்வரை அச்சிறு சீட்டைப் பத்திரப்படுத்துவோம். முறையீடு செய்ய நேரின், நம் சார்பில் பேசுவது அந்தத் துண்டுத் தாளே.